எட்டடிச் சுவர்

ஆவடி டேங்க் தொழிற்சாலையில் ஆரோக்கியசாமியின் வேலை வேண்டாம் என்று சொல்வது. இருபத்தெட்டு வருடம் அதற்காக அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, குவார்ட்டர்சில் வீடு கொடுத்தது, ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தது. கடிகாரம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்தியது. அதையும் அவர் ஒரு தாளில் குறித்துவைத்தார்.

தர ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். ஷாப்பில் தொழிலாளர்கள் வைத்த பெயர் ரிஜெக்ட் சாமி. ஆவடியில் இரண்டு சாமிகள் உண்டு, கோயிலில் இருக்கிறவர் கொலையையும் மன்னிப்பார், இன்னொருவர் ஒரு போல்ட்டைக்கூட மன்னிக்க மாட்டார் என்று கேண்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அது காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தார்.

லால்குடிப் பக்கத்திலிருந்து அறுபத்தைந்தில் வந்தவர். மனைவி லூர்தம்மாள் எண்பத்திரண்டில் இறந்தாள். ஒரே மகள் செலின் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தாள். தொழிற்சாலையும் வீடும் போக அவர் போகிற இடம் ஒன்றுதான்: பூந்தமல்லிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் நின்ற கத்தோலிக்கக் கல்கோயில்.

செம்பாறைக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய கோயில் அது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று வாசல் வளைவில் வெட்டியிருந்தது. சுவர் இரண்டடி கனம். வருடா வருடம் திருவிழாவுக்கு முன் ஒரு கோட்டு சுண்ணாம்பு அடிப்பார்கள், மழையில் கொஞ்சம் உதிரும், மறுபடி அடிப்பார்கள். தொண்ணூறு வருடம் இப்படியே போனது. அதில் யாருக்கும் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

வருத்தம் எண்பத்திநான்கில் வந்தது. நெடுஞ்சாலையோரத்துப் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் தங்கள் கோயிலுக்குச் சிமெண்டு பூசி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதைப் பஸ்சிலிருந்து பார்த்த நாள் முதல் கல்கோயில் பங்குமக்களுக்குத் தங்கள் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. இத்தனைக்கும் கடவுள் எந்தச் சுவருக்குள் இருக்கிறார் என்பதில் இரண்டு தரப்புக்கும் நானூறு வருடச் சண்டை. சிமெண்டில் மட்டும் ஒற்றுமை வந்துவிட்டது.

பங்குப் பேரவையின் செயலாளர் இக்னேஷியஸ். திருமழிசை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற யூனிட் வைத்திருந்தவர். எதையும் எண்ணிக்கையில் பார்க்கிற மனிதர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். முன்சுவரும் இரண்டு பக்கச் சுவர்களுமாக நூற்று எழுபத்தாறு அடி. எட்டடி எட்டடியாகப் பிரித்தால் இருபத்திரண்டு பங்கு. ஒரு பங்குக்கு உள்ளும் வெளியும் பூசுகிற செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதிலுக்கு உட்புறத்தில் அந்த எட்டடியின் நடுவே இன்னார் உபயம், இன்னார் நினைவாக என்று ஒரு பளிங்குக் கல்.

"அந்த எட்டடி உங்க குடும்பத்தோடது," என்று இக்னேஷியஸ் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் சொன்னார். "உங்களைக் கேக்காம அதுல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம்."

இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் இருபத்திரண்டும் போய்விட்டன. பீடத்துக்குப் பக்கத்துச் சுவருக்குப் போட்டியிட்டு இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. பீடத்துக்குப் பின்சுவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. உள்ளே அதைப் பீடம் மறைத்திருந்தது. வெளியே சாக்கடைக் கால்வாய். அங்கே பெயர் எழுதினால் பன்றிதான் படிக்கும். ஆகவே அந்தச் சுவர் பழைய சுண்ணாம்போடு அப்படியே விடப்பட்டது.

ஆரோக்கியசாமி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். "கல்லறைக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கேட்டார். ஆனால் செலின் தன் சம்பளத்தில் சேர்த்து அம்மா பெயரில் தெற்குச் சுவரில் ஓர் எட்டடி வாங்கியபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தொழில் முறையில் பார்த்தால் அதுவே முதல் தளர்ச்சி.

இரண்டாவதை அவரே தேடிப் போனார். சிமெண்டுக் கலவையைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று பேரவை கேட்டது. ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்த கலவையில் சோதனைக் கட்டை வார்த்தார், இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தார், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுபோய் நசுக்கிப் பார்த்தார். உடைவதற்கு முன் எந்திரமே முனகியது. இவ்வளவு உறுதியான பூச்சைத் தான் பார்த்ததில்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஒன்றைப் பாராட்டி எழுதியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

உறுதியா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, எதன் மேல் பூசப்போகிற உறுதி என்று கேட்கத் தோன்றவில்லை. டேங்கின் தகடு குண்டைத் தாங்க வேண்டும். கோயில் சுவரை அப்படி யார் சுடப்போகிறார்கள் என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும்.

முதல் மழையில் எதுவும் ஆகவில்லை. அதுதான் கெட்டதாய்ப் போயிற்று. எண்பத்தாறில் தரையிலிருந்து இரண்டடிக்கு ஓதம் ஏறியது. ஆற்று மணலில் உப்பு என்றார் ஆரோக்கியசாமி. எண்பத்தெட்டில் நான்கடி. கூரைத் தண்ணீர்க் குழாய் சரியில்லை என்றார். தொண்ணூறில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைத்தால் உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. பங்குச்சாமியார் சுவரோரம் ரோஜாச் செடி வைத்து ஊற்றுகிற தண்ணீர் என்றார். ஒவ்வொன்றையும் வரிசை எண் போட்டுச் சாமியாருக்குக் கடிதமாக எழுதினார். பதினேழு கடிதம். மணல்காரன், குழாய்க்காரன், ரோஜாச் செடி எல்லோர் மேலும் குற்றம் இருந்தது. கலவையின் மேல் மட்டும் இல்லை. அதில் அவர் கையெழுத்து இருந்ததே.

தொண்ணூற்றிரண்டு டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில், பதினெட்டாவது கடிதத்துக்குச் சாட்சி தேடிக் கூரைக் குழாயைத் தொடர்ந்தபடி கோயிலின் பின்பக்கம் போனார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டும்போது கால் வழுக்கியது. விழாமலிருக்கப் பின்சுவரில் கையை ஊன்றினார்.

சுவர் காய்ந்திருந்தது.

கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூள். இன்னும் கீழே தொட்டார், கால்வாய்த் தண்ணீர் தொடுகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே. லேசாகச் சில்லென்றிருந்தது, அவ்வளவுதான். அதே கல், அதே மண், அதே மழை. போதாததற்கு வருடம் முழுக்க ஓடுகிற சாக்கடை. யாரும் கவனிக்காத, எல்லோரும் பெயர் எழுதக் கூசிய சுவர்.

ஒரு ஆய்வாளருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்கு எடுத்த துண்டுகளோடு சோதிக்காத துண்டு ஒன்றையும் தனியே வைத்திருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. பங்குமக்கள் தங்கள் வீண்பெருமையால் அவருக்கு முப்பத்தாறு அடியில் அப்படியொரு துண்டை எட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள். பன்றி ஒன்று வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் மதுரைவீரனைக் கூட்டிவந்தார். பக்கத்து ஊரான கோவில்பதாகையின் கொத்தனார். எண்பத்திநான்கில் பூசியவனும் அவன்தான். லூர்தம்மாளின் எட்டடியில், பளிங்குக் கல்லுக்குக் கீழே, ஒரு முழம் திறக்கச் சொன்னார். இருபது முறை அடித்தபிறகுதான் உளி உள்ளே போனது.

"இன்னா சார், இரும்பாட்டம் கீது பாத்தியா. நம்ம கைவேல," என்றான் மதுரைவீரன்.

"உள்ள பாரு."

உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பழைய சாந்து களியாகிவிட்டிருந்தது. செம்பாறைக் கல்லை அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஊறிய ரஸ்க் மாதிரி வந்தது. சிமெண்டுப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. குறையே இல்லாத பூச்சு. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பின்னாடி செவுரு மட்டும் எப்படிய்யா காஞ்சு கிடக்கு?"

"அதுல பூச்சு இல்லியே சார். உள்ள தண்ணி ஏறும், சுண்ணாம்பு வழியா வெளிய பூடும். சட்ட போடாத ஆளுக்கு வேர்வ காயறாப்பல. இங்க நாம ரெண்டு பக்கமும் ரெயின்கோட்டு போட்டு உட்டோம்."

"இது எண்பத்திநாலுலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு இல்ல. ஒரு டவுட்டு."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா சார்? கட்டைய மடில வெச்சிகினு பஸ்ல போய்ட்டு வந்துகினு இருந்த. பெரிய படிப்பு படிச்ச மன்சன் நசுக்கிப் பாத்து சொல்றாரு, நான் இன்னாத்த சொல்றது? சிமெண்டுன்னா சிமெண்டு, சுண்ணாம்புன்னா சுண்ணாம்பு. எனக்குக் கூலி ஒண்ணுதான்."

மதுரைவீரனை அவர் எப்போதும் சோம்பேறி என்றே மதிப்பிட்டிருந்தார். அந்த மதிப்பீட்டை மாற்றவும் காரணம் இல்லை. சோம்பேறி ஒருவன் அரைகுறையாகச் சந்தேகப்பட்டது சரியாகவும், தான் முழுதாகச் சோதித்தது தப்பாகவும் இருந்தது. அவ்வளவுதான்.

தொண்ணூற்றுமூன்று மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஜூனில் பேரவை கூடியது. மறுவருடம் கோயிலுக்கு நூற்றாண்டு, ஆயர் வருகிறார். ஓதம் தெரியாமலிருக்கச் சுவரின் உட்புறம் முழுக்க ஐந்தடி உயரத்துக்குப் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிவிடுவது, வெளியே தண்ணீர் புகாத பெயிண்ட் அடிப்பது என்று திட்டம். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவனுக்கு இன்னொரு போர்வை. டைல்ஸ் ஏறினால் கல் இன்னும் பத்து வருடத்தில் சேறாகிவிடும் என்று ஆரோக்கியசாமிக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. அதற்கு முதலில் தன் கையெழுத்தே தவறென்று சொல்ல வேண்டும்.

ஒரு தாளில் எழுதினார். 'இந்தப் பூச்சுக்கு ஒப்புதல் தந்தவன் நான். அது தவறு. சுவர் கெட்டதற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. சிமெண்டை முழுவதும் உடைத்தெடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூச வேண்டும்.' நான்கு வாக்கியம். எழுத மூன்று நாள் ஆனது. செலின் படித்துவிட்டு, "அப்பா, இதை வாசிச்சா உங்களைக் கிழிச்சிடுவாங்க," என்றாள்.

"கிழிக்கட்டும்," என்றார். உள்ளூர அதைத்தான் எதிர்பார்த்தார். இருபத்தெட்டு வருடம் ஊரையே நிராகரித்தவனைத் திருப்பி நிராகரிக்க ஊருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அதில் ஒரு நியாயம் இருந்தது.

கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். மூன்றாவதுக்குப் பிறகு நிறுத்தினார், யாராவது பேசுவார்கள் என்று.

"பரவாயில்லை சார், உட்காருங்க," என்றார் இக்னேஷியஸ். "பழசைப் பேசி என்ன ஆகப்போவுது? டைல்ஸ் ரோஸா க்ரீமா, அதுல உங்க ஒபீனியன் என்ன?"

"ரோஸ் வேணாங்க. பாத்ரூம் மாதிரி இருக்கும்," என்றாள் ஒரு அம்மாள்.

"எங்க பாத்ரூம்ல க்ரீம்தான் போட்டிருக்கோம்," என்றாள் இன்னொருத்தி.

ஆரோக்கியசாமி நின்றபடியே இருந்தார். அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் என்று நினைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். யாரும் அதைத் திட்டக்கூட எடுக்கவில்லை. நான்காவது வாக்கியத்தை உரக்க வாசித்தார். அப்போதுதான் கூட்டம் விழித்துக்கொண்டது.

"சிமெண்ட உடைச்சா எங்கப்பா கல்லு என்னாவறது?"

"எங்க மாமியார் கல்லு? மக்ரானா மார்பிள் சார் அது."

"இவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு, பொழுது போவல. நம்ம கல்லுதான் கெடைச்சுதா?"

இருபத்தொரு குடும்பமும் ஒரே குரலில் பேசியது. சுவர் சேறாவது பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கல் ஒட்டியிருக்கிற வரைக்கும் அது எதன் மேல் ஒட்டியிருந்தால் என்ன? சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு ஜெபத்துக்கு எழுந்திருக்கப் போனார்.

"சரி," என்றார் ஆரோக்கியசாமி. "என் எட்டடியில டைல்ஸ் வேணாம். சிமெண்டையும் எடுக்கப்போறேன்."

"சார், கோயில் எல்லாருக்கும் பொது," என்றார் இக்னேஷியஸ்.

"அப்படியா? அப்ப எந்தக் கல்லுக்கும் யாரும் சொந்தமில்லைன்னு எழுதிக் குடுங்க. ஆணியடிக்கக்கூடக் கேப்போம்னு மைக்ல சொன்னது நீங்கதான்."

இக்னேஷியஸ் கூட்டத்தைப் பார்த்தார். இருபத்தொரு குடும்பமும் அவரைப் பார்த்தது. ஆரோக்கியசாமியின் எட்டடியில் கை வைத்தால் தங்கள் எட்டடியும் போகும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. இப்படிப்பட்ட விஷயங்கள் மட்டும் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும்.

"அவர் பாகம், அவர் இஷ்டம். விட்டுடுப்பா," என்றார் மக்ரானா மார்பிள்காரர்.

ஆரோக்கியசாமி கேவலமாக நினைத்த ஏற்பாடுதான் அவருக்கு அந்த எட்டடியை வாங்கிக் கொடுத்தது. அதற்காக அதைப் பற்றிய அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

உள்ளும் வெளியும் சிமெண்டை எடுக்க மதுரைவீரனுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சேறாகியிருந்த கற்களில் பதினொன்றை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு சுவரைச் சும்மா விட்டார்கள், மழையில் மட்டும் தார்ப்பாய் மறைப்பு கட்டி, மறு கோடைவரை. கொத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றி நீற்றி, டிரம்மில் ஒன்றரை மாதம் ஊறப்போட்டபோது இன்னும் பொறுக்கவில்லை.

"சிமெண்டுன்னா காலைல பூசி சாயங்காலம் துட்டு வாங்கிகினு பூடுவேன். இத்த புள்ளதாச்சி மாதிரி பாத்துகினு கீறோமே சார்."

"கூலி ஒண்ணுதானே உனக்கு?"

"கூலி ஒண்ணுதான். நாளுதான் ஜாஸ்தி."

மெல்லிய மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் இறுகக் காத்திருந்து, தெளித்து, மறுபடி. கடைசிப் பூச்சு காய்ந்து ஒரு மாதம் ஆனதும் ஆரோக்கியசாமி நகத்தை வைத்து அழுத்தினார். கோடு விழுந்தது. கல்லைவிட மெத்தென்று இருந்தது. கல்லுக்கு முன்னால் தான் தேய வேண்டிய பூச்சு அப்படித்தான் இருக்க வேண்டும். எதுவும் எழுதவில்லை, கையெழுத்தும் போடவில்லை. வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த தொல்லை ஒரு வாரத்தில் வந்தது. எடுத்த பளிங்குக் கல்லை அவர் திரும்பப் பதிக்கவில்லை. ஒன்றரையடிக்கு ஒன்றரையடி, அதையும் சிமெண்டில்தான் ஒட்ட வேண்டும், அவ்வளவு இடம் அடைபட்டுப்போகும். இக்னேஷியஸ் காத்திருந்தவர்போல வந்தார்.

"கல்லு இல்லாத எட்டடி யாருக்கும் சொந்தமில்ல சார். நாளைக்கு டைல்ஸ்காரன் வர்றான்."

செலின்தான் வழி சொன்னாள். "காலண்டர் மாட்டுறாப்ல மாட்டிட்டா என்னப்பா?" இரும்பு துருப்பிடிக்கும் என்று அவர் பித்தளைக் கொக்கி இரண்டு வாங்கிவந்தார், கல்லுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினார். லூர்தம்மாள் நினைவாக என்ற எழுத்து காற்றடித்தால் லேசாக ஆடியது. பெண்கள் சிலர் அதைப் பார்த்து, பாவம், ஒட்டக்கூட வசதியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

நூற்றாண்டு விழாவில் ஆயர் க்ரீம் நிற டைல்ஸைப் பாராட்டினார். எட்டடி வெள்ளை மட்டும் ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்டதற்கு இக்னேஷியஸ் காதோடு ஏதோ சொன்னார். ஆயர் ஆரோக்கியசாமியை இரக்கத்தோடு பார்த்தார்.

அந்த வருடப் பருவமழை முடிந்ததும் இன்னொன்று நடந்தது. டைல்ஸ் பக்கத்தில் சொட்டு ஈரம் தெரியவில்லை. சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் கீழிருந்து மூன்றடிக்கு உப்பு பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஊர் மகிழ்ந்தது. கோயிலுக்கு ஒழுங்காக வராதவர்கள்கூடப் பார்க்க வந்தார்கள்.

"சுண்ணாம்பு சுண்ணாம்புன்னாரு, பாரு, கரப்பான் புடிச்சாப்ல கீது," என்றான் ஒருவன்.

ஆரோக்கியசாமிக்கு இது புரிய ஒரு நிமிடம்தான் ஆனது. இரண்டு பக்கமும் டைல்சும் பெயிண்டும் அடைத்துக்கொண்டதால் அக்கம்பக்கத்துச் சுவரில் ஏறிய ஈரமும் அந்த எட்டடியைத் தேடி வந்தது. நீளச் சுவர் முழுவதற்கும் அது ஒன்றுதான் வாசல். அவர்களுடைய உப்பும் சேர்ந்து அவர் பூச்சில் பூத்தது. இதைத் தாளில் படம் வரைந்து ஒரு ஞாயிறு விளக்கினார். கேட்டவர்கள், தோற்றவன் காரணம் சொல்கிறான் என்று தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு விளக்கவில்லை. விளக்கிப் புரியவைக்க இவர்கள் என்ன போல்ட்டா என்று வீட்டில் செலினிடம் கேட்டார்.

அவர் படத்தில் வரையாத ஒன்றும் இருந்தது. எட்டடி போதாது. பக்கத்து இரண்டு பங்குகள் கொஞ்சம் காயலாம். அதற்கப்பால் இருக்கிற கல் நனைந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. அது அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஜனவரியிலும், பொங்கல் கழிந்ததும், கல்லைக் கொக்கியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் சாய்த்து வைப்பார். தென்னந்துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளுவார். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மதுரைவீரன் புதுப் பூச்சு வைப்பான், அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பது அவரே. எண்பத்திநான்குக்கு முன் ஊரே சேர்ந்து செய்த வேலை. இப்போது ஒரு கிழவருடைய கிறுக்கு.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் இக்னேஷியஸ் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. திருமழிசை யூனிட்டை மகன் பார்த்துக்கொண்டான். குரலில் உண்மையான பரிவு இருந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"சார், இப்பவும் சொல்றேன். ரெண்டு பெட்டி டைல்ஸ் மிச்சம் இருக்கு. நீங்க சரின்னா நாளைக்கே முடிச்சிடலாம். உங்க வயசுக்கு வருஷா வருஷம் இந்தத் தொல்லை வேணுமா?"

"உங்க பாகம் எப்படி இருக்கு?"

இக்னேஷியஸின் எட்டடி பக்கத்து எட்டடி. அவர் தன் தகப்பனார் கல்லுக்குக் கீழே டைல்ஸைத் தடவிக் காட்டினார். "சொட்டு ஓதம் இல்ல. பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்கு."

சொல்வதற்கு ஆரோக்கியசாமியிடம் நிறைய இருந்தது. இருபத்தெட்டு வருடம் சொல்லிப் பழகிய நாக்கு. இக்னேஷியஸின் சுவர் எந்த வழியாகக் காய்கிறது என்பதை இரண்டே வரியில் சொல்லி அவரை இங்கேயே கூசவைத்திருக்கலாம். கூசமாட்டார், டைல்ஸைத்தான் மறுபடி தடவிக் காட்டுவார் என்பதும் தெரிந்திருந்தது.

"நல்லதுதான்," என்றார்.

"அப்ப டைல்ஸ்?"

"வேண்டாம்."

இக்னேஷியஸ் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மதுரைவீரன் வாசலில் பீடி பற்றவைக்கப் போய்விட்டிருந்தான். முதல் கோட்டு வெளுக்க ஆரம்பித்திருந்தது. அது முழுக்கக் காய்வதற்குள் சுவரில் தண்ணீர் தெளித்து அடுத்ததை அடிக்க வேண்டும். ஆரோக்கியசாமி வாளியைக் கலக்கிவிட்டு, நார்மட்டையை முக்கி, கீழிருந்து ஆரம்பித்தார்.